உஷார்! தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுகிற வண்டி

முதலில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். ஹீட் ஏறி நிற்கிற வண்டியின் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். துண்டைச் சுற்றிக்கொண்டும் வைக்காதீர்கள், சாக்கைப் போட்டுக்கொண்டும் வைக்காதீர்கள். பக்கத்தில் நிற்கிற கிளீனர் பையனிடம் "டேய், மூடியைத் திற" என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

கத்திரி வெயில் நேரத்தில் பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் பழைய பிக்கப் ஒன்று ஓரம்கட்டி நிற்கும். பானெட் திறந்திருக்கும், முன்பக்கம் ஆவி பறக்கும். லோடு சந்தைக்குப் போயாக வேண்டும், நேரம் ஓடுகிறது, முதலாளி போனில் கத்துகிறார். டிரைவருக்குப் பொறுமை இருக்காது. மூடியைத் திருகுகிற கை பெரும்பாலும் அந்த வண்டியிலேயே வயதில் சின்னவனுடைய கையாக இருக்கும். முகமும் மார்பும் வெந்து போவது அவனுக்குத்தான்.

ரேடியேட்டர் மூடி வெறும் அடைப்பு அல்ல. உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. 0.9, 1.1 என்று மூடியின் தலையிலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கிப் பிடிக்கும் அழுத்தத்தின் அளவு. 0.9 என்றால், உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. வீட்டுக் குக்கரில் நடப்பதும் இதேதான். ஆனால் விசில் அடங்காமல் குக்கரைத் திறக்கக்கூடாது என்று அறிந்தவர்கள்கூட ரேடியேட்டரை அப்படி நினைப்பதில்லை. மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. 118 டிகிரியில் அடங்கிக் கிடந்த தண்ணீர் சட்டென்று கொதித்து, ஒரு பகுதி அந்த இடத்திலேயே ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த ஆவி, மீதிக் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு மூடியின் வாய் வழியாகப் பீறிடும். விலகி ஓட நேரம் இருக்காது. துண்டு அதைத் தடுக்காது. நனைந்த துண்டு தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடித்து வைக்கும்.

இது முதல் ஆபத்து. இதைவிட மெதுவாக வரும் ஆபத்து இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் அதை யாரும் ஆபத்தாகவே எண்ணுவதில்லை. "வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும், அவ்வளவுதான். காலையில அரை பாட்டில், மதியம் அரை பாட்டில் ஊத்திட்டா ஓடிடும்." இந்தப் பேச்சை லோடு வண்டி ஸ்டாண்டுகளில் சாதாரணமாகக் கேட்கலாம். வண்டி விற்கும்போதும் இதைச் சின்னக் குறையாகச் சொல்லியே விற்கிறார்கள். ரேடியேட்டர் அமைப்பு மூடிய சுற்று. நல்ல நிலையில் இருக்கிற வண்டி மாதக்கணக்கில் ஓடினாலும் தண்ணீர் குறையக் கூடாது. தினமும் குறைகிறது என்றால் அது எங்கேயோ போகிறது. வெளியே சொட்டுகிறது, அல்லது சிலிண்டருக்குள் போய் ஆவியாகிறது, அல்லது என்ஜின் ஆயிலில் கலக்கிறது. மூன்றாவது வழியில் போனால் ஒரு லோடு தூரத்தில் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் வெளியே விடுகிறது. அது நின்றால் முதலில் வளைவது சிலிண்டர் ஹெட். அலுமினிய ஹெட், இரும்பு பிளாக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பதால், அளவு மீறிய சூட்டில் ஹெட் நெளிந்துதான் தீர வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நெளிந்தாலே ஹெட் கேஸ்கெட் போய்விடும். பிறகு ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் போட்டு, புதுக் கேஸ்கெட் வைத்து, வண்டி நிற்கிற நாட்களின் வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் எத்தனை ரேடியேட்டர் மூடி, எத்தனை பெல்ட், எத்தனை ஹோஸ் வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும்.

எப்போது ஹீட் ஏறுகிறது?

மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஹீட் ஆகுது அண்ணே" என்று மட்டும் சொன்னால், அவர் கைக்கு எட்டியதை எல்லாம் மாற்றிப் பார்ப்பார். எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

டவுனுக்குள் நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, பைபாஸில் காற்று அடித்ததும் இறங்கினால், சந்தேகத்தை முதலில் ஃபேன் மேல் வையுங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. பெல்ட் தளர்ந்திருக்கலாம். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் சுமார் பத்து மில்லிமீட்டர் அமுங்கும், அதற்கு மேல் தொங்கினால் இறுக்க வேண்டும். விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டி என்றால் அதன் நடுவில் இருக்கிற கிளட்ச் போயிருக்கலாம். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். கையைத் தடுக்கிற மாதிரி கனமாகச் சுற்ற வேண்டும். லேசாகத் தட்டியதும் விடாமல் சுற்றினால் உள்ளே இருக்கிற சிலிக்கோன் எண்ணெய் கசிந்து போய்விட்டது என்று பொருள். எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் விரலை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள், என்ஜின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கலாம். ஃபேனைச் சுற்றி இருக்கிற பிளாஸ்டிக் வளையம் பழைய வண்டிகள் பலவற்றில் உடைந்து, கழற்றி எறியப்பட்டிருக்கும். அது அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நெரிசலில் சரியாக இருந்து, பைபாஸில் அழுத்தி ஓட்டும்போதும் லோடோடு மேடு ஏறும்போதும் ஹீட் ஆனால், காற்று போதுமான அளவு வருகிறது, தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்பு படிந்து அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பின், அதாவது பட்டறையில் வாட்டர் பாடி என்கிறார்களே அதன், உள்ளே இருக்கிற இறக்கைகள் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் மெத்தென்று ஆகி, என்ஜின் வேகம் எடுத்ததும் பம்பின் உறிஞ்சலில் சப்பிக்கொள்ளலாம். இந்தக் கடைசிக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் ரேடியேட்டரையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க இன்னொருவர் எட்ட நின்று கீழ் ஹோஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வண்டி எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், லோடே இல்லாமல், முள் சிவப்பைத் தொட்டால் இரண்டே காரணம்தான் எனக்குத் தோன்றும். ஒன்று, தெர்மோஸ்டாட் வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது. இரண்டு, ஹெட் கேஸ்கெட். வால்வைச் சோதிப்பது சுலபம். கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சினால், அதன் மேல் குறித்திருக்கிற சூட்டில், பல வண்டிகளில் 82 டிகிரி, அது திறக்கத் தொடங்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லையானால் தூக்கிப் போடுங்கள். கேஸ்கெட்டைச் சோதிக்க, காலையில் என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, தள்ளி நின்று பாருங்கள். ஆரம்பத்தில் நாலு குமிழி வந்து அடங்கினால் பரவாயில்லை. நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் நுழைகிறது. மூடி போட்டு ஓட்டிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, என்ஜின் இன்னும் சூடேறாதபோதே, மேல் ஹோஸ் கல்லாக விறைத்துக்கொள்வதும் இதே அறிகுறி. சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் வெளுத்து, பழுப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும். அப்படிக் கண்டால் தயவுசெய்து மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் வழி.

மலை ஏறும்போது மட்டும் கொதிக்கிறது என்பவர்கள், புது ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் மூடியைச் சந்தேகப்படுங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதி வரும். மூடியின் ரப்பர் விரிசல் விட்டு அழுத்தம் பிடிக்கவில்லை என்றால், சமவெளியில் தப்பித்த வண்டி மலையில் கொதிக்கும். சில நூறு ரூபாய் மூடிக்காக முழு ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். ஓட்டும் விதமும் முக்கியம். மூன்றாவது கியரிலேயே இழுக்கட்டும் என்று ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தால் என்ஜின் திணறும். சுற்று குறைவதால் ஃபேனும் பம்பும்கூட மெதுவாகும். இரண்டாவதுக்கு இறக்குங்கள். டீசல் கொஞ்சம் கூடப் போகட்டும்.

லோடைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆர்சி புத்தகத்தில் இருக்கிற எடையைப் போல இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறச் சொன்னால், எந்தக் கம்பெனி வண்டியும் கொதிக்கும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி கூடுதல் லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதத்துக்குப் பயந்தாவது குறையுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

முள் இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள்

இதைத் தெரியாமல் என்ஜினைக் கொன்றவர்கள் ஏராளம். ஹீட் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று கீழே இறங்கிவிட்டது, "ஆங், சரியாயிடுச்சு" என்று தொடர்ந்து ஓட்டுகிறார்கள். சரியாகவில்லை. சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் அது காற்றில் நிற்கிறது, அப்போது முள் தாழ்ந்து பொய் சொல்லலாம். இழுவை குறைந்து, என்ஜினில் டக்டக்கென்று சத்தம் வந்து, பெயிண்ட் எரிகிற வாடை அடித்து, முள் மட்டும் கீழே இருந்தால், முள்ளை நம்பாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் முள் வேலையே செய்யாது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை ரோட்டில் இறக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

இன்னொரு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய டீசல் பிக்கப்கள் பலவற்றில் பிரேக்குக்கு உதவுகிற வேக்வம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும், அதைச் சுற்றுவது பெல்ட். வாட்டர் பாடியைச் சுற்றுவதும் அதே பெல்ட்டாக இருந்தால், அது அறுந்த நொடியில் தண்ணீர் ஓட்டம் நிற்கும், சார்ஜ் விளக்கு எரியும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். சார்ஜ் விளக்கு எரிந்தால் "பேட்டரிதானே, ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று மலையிலிருந்து இறங்காதீர்கள். ஹீட் ஏறுகிறதே என்று இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜினை அணைத்துவிடுவதும் அதே அளவு ஆபத்து. பிரேக்கின் துணை போய்விடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும். முதலில் வண்டியை நிறுத்துங்கள், பிறகு என்ஜினை நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகு என்ன செய்வது? முள் ஏறியிருக்கிறது, ஆனால் ஆவி இல்லை, தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை, பெல்ட் சுற்றுகிறது என்றால், ஏசி இருந்தால் அணைத்துவிட்டு, லோடு இழுக்காமல் ஐடிலில் சில நிமிடம் ஓடவிடலாம். ஃபேனும் பம்பும் சுற்றினால் சூடு சீராக இறங்கும். ஹீட்டர் உள்ள வண்டி என்றால் முழு வேகத்தில் போட்டுக் கண்ணாடியை இறக்குங்கள், அதுவும் கொஞ்சம் சூட்டை வெளியே எடுக்கும். இறங்கவில்லை என்றாலோ, ஆவி வருகிறது, தண்ணீர் கொட்டுகிறது, பெல்ட் அறுந்திருக்கிறது என்றாலோ, உடனே அணையுங்கள். ஹேண்ட்பிரேக், கியர், நான்கு பக்க இண்டிகேட்டர், சக்கரத்துக்கு அடியில் கல். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். மலைப்பாதை வளைவில் லோடு வண்டிகள் விட்டுப்போன கல்லில் ஏறி விழுந்த பைக் ஓட்டிகளின் குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன.

என்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பும் அலுமினியமும் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். உள்ளே ஊற்றினாலும் அதே கதிதான். பானெட்டைத் திறந்து வைத்து, குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை வெளியிலிருந்து தடித்த துணியால் அமுக்கிப் பாருங்கள். விறைப்பு போய், தொட்டால் சூடு தாங்குகிற அளவுக்கு வந்த பிறகுதான் மூடி. அப்போதும் முகத்தைத் திருப்பி, பக்கவாட்டில் நின்று, தடித்த துணி போட்டு, முதல் பிடி வரைக்கும் மட்டும் திருகி, சீறல் முழுக்க அடங்கியபின் அமுக்கித் திறக்க வேண்டும். தண்ணீரை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

அந்தத் தண்ணீரை வண்டியிலேயே எடுத்துப் போயிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். திம்பம் பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. ஓடையில் மொண்டு வருகிறேன் என்று கேனை எடுத்துக்கொண்டு புதருக்குள் இறங்குகிறவர் யானைக்கு எதிரே போய் நிற்க நேரலாம். பத்து லிட்டர் கேன் ஒன்று, ஒரு ஸ்பேர் பெல்ட், இரண்டு கிளாம்ப், டார்ச். இவை இல்லாமல் மலைக்கு வண்டி எடுக்காதீர்கள்.

பட்டறையில் ஏமாறாதீர்கள்

"நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு அண்ணே, கழட்டிடலாம்" என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிற பழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. கேட்பதற்கு நியாயமாகப் படும். ஆனால் பல என்ஜின்களில் அந்த வால்வுக்கு இரண்டு வேலை. சூடேறியதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே சமயம் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பத் திரும்ப என்ஜினுக்குள் சுற்றும். ஹீட்டைக் குறைக்கச் செய்த வேலை, முழு லோடில் ஹீட்டைக் கூட்டும். லோடு இல்லாத நேரத்தில் என்ஜின் உரிய சூட்டுக்கே வராமல் டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். இரு பக்கமும் நஷ்டம்.

ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடுவதும் அப்படித்தான். நடுக்காட்டில் நின்றவர் ஊர் வந்து சேர அது உதவியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஊர் வந்த பிறகும் அப்படியே விட்டுவிடுகிறார்களே, அங்கேதான் கேடு. ஓட்டையை அடைத்த பொடி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அடுத்த வெயிலில் வண்டி கொதிக்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். எந்த ஊர்ப் பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சினால் வெள்ளையாக உப்புப் படிகிறதோ, அந்த ஊர்த் தண்ணீர் ரேடியேட்டருக்குள்ளும் அதே வேலையைச் செய்யும். அவசரத்துக்கு ஊற்றினால், பட்டறைக்கு வந்ததும் முழுக்க இறக்கிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரோடு கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். பனி கொட்டுகிற ஊருக்குத்தானே கூலன்ட் என்பது தப்பு. அந்தக் கலவை தண்ணீரைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும், துருவையும் தடுக்கும். பச்சையையும் சிவப்பையும் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும். நிரப்பிய பிறகு உள்ளே காற்று தங்காமல் வெளியேற்றச் சொல்லுங்கள். காற்று தங்கிவிட்டால் நிறைந்த ரேடியேட்டரோடும் ஹீட் ஆகும்.

ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதல் ஹாரன், வரிசையாக விளக்கு, கட்சிக்கொடி, பெயர்ப்பலகை என்று மாட்டி வைத்திருப்பவர்கள் அவற்றை எடுத்துவிடுங்கள். வைக்கோல் தூசும் பூச்சியும் அடைத்த ரேடியேட்டரை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த வேகத் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றே போகாது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர்களே, போய்ப் பார்க்கும்போது என்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தால் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த என்ஜினில், உங்கள் கண் முன்னால்தான் முதல் ஸ்டார்ட். அதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். செம்மண் நிறத் தண்ணீர் என்றால் உள்ளே துரு. மேலே எண்ணெய் மிதந்தால் நடையைக் கட்டுங்கள். பானெட்டின் உட்பக்கம் தெறித்துக் காய்ந்த வெள்ளைக் கறை இருந்தால் அந்த வண்டி கொதித்திருக்கிறது. அரை மணி நேரம் லோடோடு ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கூலன்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி சீட்டுக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அதில் இருக்கிற எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம், சிறுநீரகத்தை அழிக்கும். லோடு இறக்கிவிட்டுத் தாகத்தோடு வருகிறவர் அதை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். குழந்தையோ நாயோ நக்குகிற இடத்தில் இறக்கியும் விடாதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு நிற்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

யார் மேலாவது கொதிநீரோ ஆவியோ பட்டுவிட்டால், உடனே சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை வெந்த இடத்தில் 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். கேனில் வைத்திருக்கிற தண்ணீர் வண்டிக்கு முன்னால் மனிதனுக்குத்தான். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். மோதிரம், கயிறு, கைக்கடிகாரத்தை வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108க்கு அழையுங்கள். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைதான்.

நாளைக் காலை லோடு ஏற்றுவதற்கு முன், என்ஜின் சில்லென்று இருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று பாருங்கள். நேற்று நிரப்பியது குறைந்திருந்தால் பாட்டிலைத் தேடாமல் நேரே பட்டறைக்கு விடுங்கள். முதலாளிகளே, டிரைவர் வந்து "வண்டி தண்ணி குடிக்குதுங்க" என்று சொன்னால், "ஊத்திக்கிட்டு ஓட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.